சிவப்பு மையில் அடித்த சொல்

சென்ற ஆகஸ்ட் மாதத்தில் ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ‘என் அம்மா’ என்ற தலைப்பின் கீழ் ஒரு மாணவி எழுதியிருந்த வாக்கியம் என் கண்ணில் பட்டது. “மை மதர் லேர்ன்ட் மீ கிராஃப்டிங்” என்று அவள் எழுதியிருந்தாள். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் வேலையைத் தன் அம்மா தனக்குக் கற்றுக்கொடுத்தாள் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. ‘லேர்ன்ட்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘டீச்’ என்பதன் இறந்தகாலமான ‘டாட்’ என்று எழுதி, அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மத்தூருக்கும் போச்சம்பள்ளிக்கும் இடையில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். இந்தத் தவற்றை இதுவரை நூறு முறையாவது திருத்தியிருப்பேன். பிள்ளைகள் ஏன் இதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை.

மறுநாள் இடைவேளையில் அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அரை மதிப்பெண்ணுக்காக வாதாட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“டீச்சர், கத்துக்கிறதும் லேர்ன், கத்துக்குடுக்கிறதும் லேர்ன் இல்லையா? எங்க வீட்ல ரெண்டும் ஒரே வார்த்தை மாதிரிதான் வரும்.”

அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. வகுப்பில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, மாமன் வீட்டுக்குப் போனால் கன்னடம் என்று வளரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். தெலுங்கில் ‘நேர்ச்சுக்கொனு’ என்றால் கற்றுக்கொள்வது, ‘நேர்ப்பு’ என்றால் கற்பிப்பது. இரண்டுக்கும் அடி ஒன்றே. கன்னடத்திலும் அப்படித்தான், ‘கலி’ என்றால் கற்பது, ‘கலிசு’ என்றால் கற்பிப்பது. நம் தமிழோ இந்த உறவை இன்னும் பச்சையாகக் காட்டுகிறது. ‘கற்று’ என்ற ஒரே எச்சத்தோடு ‘கொள்’ சேர்ந்தால் மாணவர், ‘கொடு’ சேர்ந்தால் ஆசிரியர். ஒரே பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதைப்போலத்தான் இந்த மூன்று மொழிகளும் கல்வியைப் பார்க்கின்றன. ‘லேர்ன்’, ‘டீச்’ என்று ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவுமில்லாத இரண்டு சொற்களை நீட்டும் ஆங்கிலம்தான் அந்தப் பெண்ணுக்கு வினோதமாகப் பட்டிருக்கிறது. அதில் நியாயம் இருந்தது. “பரீட்சையில் ‘டாட்’ என்றுதான் எழுத வேண்டும், ஆனாலும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று அனுப்பிவைத்தேன்.

அன்று இரவு அகராதியைப் பிரித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் கற்பதற்கு ‘லெயோர்னியன்’ என்றும் கற்பிப்பதற்கு ‘லேரன்’ என்றும் இரண்டு வினைகள் இருந்தன; நேர்ச்சுக்கொனு, நேர்ப்பு என்பவற்றைப்போல இவையும் ஒரு வேரில் கிளைத்தவை. ‘லேரன்’ என்பதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் ‘லேரன்’ என்றே இன்றும் ஆசிரியரின் வேலையைக் குறித்துக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வினை மெல்ல மங்கிப்போய், அதன் உறவான ‘லோர்’ என்ற பெயர்ச்சொல் மட்டும் மிஞ்சியது. நாட்டார் வழக்காற்றை ‘ஃபோக்லோர்’ என்கிறோமே, அந்த லோர். கற்பிக்கும் வினை மங்கிய இடத்தை ‘லேர்ன்’ என்பதே எடுத்துக்கொண்டது. பல நூற்றாண்டுகளுக்கு ஆங்கிலேயர் “அவன் எனக்கு லேர்ன் செய்தான்” என்று கொஞ்சமும் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். 1611இல் அரசவையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில், தீவின் பழைய உரிமையாளனான காலிபன், தனக்கு மொழி கற்றுக்கொடுத்தவர்களைச் சபிக்கும் இடத்தில், ‘டாட்’ என்ற சொல்லில் தொடங்கி ‘லேர்னிங் மீ’ என்ற தொடரில் முடிக்கிறான். ஒரே மூச்சில் இரண்டையும் ஒரே பொருளில் சொல்கிறான். என் மாணவி எழுதியதும் அதே ‘மீ’ சேர்ந்த தொடர்தான். பிறகு இலக்கணம் எழுதியவர்கள் வரப்புப் போட்டார்கள். கற்பிக்கும் பொருள் படித்தவர்களின் எழுத்திலிருந்து விலகி, இங்கிலாந்தின் கிராமத்துப் பேச்சில் தங்கிவிட்டது. அங்கே இன்றும் ஒருவனை மிரட்டும்போது “ஐ வில் லேர்ன் யூ” என்பார்கள். நாம் “உனக்குப் பாடம் கற்பிக்கிறேன் பார்” என்று பல்லைக் கடிப்பதற்கு அது சரியான இணை.

பிரெஞ்சுக்காரர்கள் ‘அப்ராந்த்ர்’ என்ற ஒரே வினையையும், டச்சுக்காரர்கள் ‘லேரன்’ என்ற ஒரே வினையையும் இன்றும் இரண்டு வேலைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெண்ணின் தவறு உலகத்தில் பாதிப் பேர் செய்யும் காரியம். ‘டீச்’ என்பதன் பழைய பொருள் சுட்டிக்காட்டுதல் என்பதையும் அன்றுதான் கவனித்தேன். சுட்டிக்காட்டுவதை மட்டும் செய்துவிட்டு, நடத்தி முடித்ததாகப் பாடக்குறிப்பேட்டில் எழுதும் எங்களுக்குப் பொருத்தமான சொல்தான்.

சொல்லின் வேர் இன்னும் கீழே போகிறது. ‘லேர்ன்’ என்பதன் அடியில் இருப்பது தடம், சுவடு, உழுத சால் என்ற பொருள் என்று மொழிநூலார் சொல்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் காலடித் தடத்துக்கு இருந்த சொல்தான் இன்று செருப்புத் தைக்கும் அச்சுக்கட்டைக்கு ‘லாஸ்ட்’ என்று வழங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் யாரைக் கேட்டாலும் இந்தச் சொல்லைச் சொல்வார்கள். நீடித்தலைக் குறிக்கும் ‘லாஸ்ட்’ என்ற வினையும் தடத்தைப் பிடித்துப் போய்க்கொண்டே இருப்பதிலிருந்து வந்ததுதான். லத்தீனில் ‘லீரா’ என்றால் உழவுசால். சாலை விட்டு விலகிப்போவது ‘டெலிரியம்’. காய்ச்சலில் பிதற்றுபவரைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அந்தச் சொல்லும் ‘லேர்ன்’ என்பதும் ஒரே வயலில் முளைத்தவை என்பதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது.

தருமபுரிக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு இருந்தது. நிலக்கடலையும் கேழ்வரகும் போடுவார்கள். என் அண்ணனுக்கு முதல் முதலாக ஏர் பிடிக்க விட்ட நாளில் அப்பா அவனுக்கு ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. முன்னால் தான் ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் இவனை வரச் சொன்னார். இவன் ஏர் வளைந்து வளைந்து போனபோதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே, “சாலைப் பாரு, மாட்டைப் பாக்காதே” என்றார். எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை; மாட்டின் கழுத்து மணிச் சத்தத்திலிருந்து கண்டுபிடித்திருப்பார் போலும். முன்னேர் போன வழியில் பின்னேர் போகும் என்ற பழமொழியை நாங்கள் ஏதோ பிள்ளைகளின் கெட்ட பழக்கத்துக்குப் பெரியவர்களைக் குறை சொல்லும் வார்த்தையாகவே கேட்டு வளர்ந்தோம். ஆங்கிலத்தின் ‘லேர்ன்’ பிறந்த இடமும் அந்த இரண்டாவது ஏர்தான் என்பதை நான் அறிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

தமிழின் ‘கல்’ என்ற வினையைத் தோண்டுதல் என்று பொருள்படும் ‘கல்லுதல்’ என்பதோடு தமிழறிஞர்கள் பலர் இணைத்துக் காட்டுவதுண்டு. தொட்டனைத்து ஊறும் மணற்கேணி என்ற குறள் அந்த இணைப்புக்கு வசதியாக நிற்கிறது. பள்ளியில் அதை நடத்தும்போது பிள்ளைகளுக்குக் கேணி புரிகிறது, மணற்கேணி புரிவதில்லை. கோடையில் தென்பெண்ணையில் தண்ணீர் ஓட்டம் நின்றுபோனபின் மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத குறள். கொட்டாங்குச்சியால் முழங்கை ஆழம் தோண்டினால் முதலில் ஈரம் தெரியும், பிறகு கலங்கல் தண்ணீர் கசியும். அதை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது முறை ஊறும் தண்ணீர்தான் குடத்துக்குப் போகும். ஆங்கிலேயன் மண்ணைக் கீறிக்கொண்டு முன்னால் போகிறான், நாம் மண்ணைக் கீறிக் கீழே போகிறோம் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். ரொம்ப அழகாக இருக்கிறது என்று அவர் பாராட்டியதும் எனக்கே சந்தேகமாகிவிட்டது; அழகாக இருக்கும் சொற்பிறப்பு விளக்கங்களில் பாதிக்குமேல் கதை. இரண்டு மொழிக்காரர்களும் மண்ணில் வேலை செய்தவர்கள் என்பதற்குமேல் இதில் ஒன்றும் ஏற்ற வேண்டியதில்லை.

எங்கள் வகுப்பறையின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரீட்’, ‘ஸ்டடி’, ‘லேர்ன்’ என்று மூன்று வினைகள் இருக்க, நாம் மூன்றையும் ‘படி’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். பேப்பர் படித்தார், பத்தாவது படிக்கிறான், வேலை படிக்க அனுப்பினோம் என்று எல்லாமே படிப்பு. “ஐ ஆம் ரீடிங் நைந்த் ஸ்டாண்டர்ட்” என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான். இந்த வாக்கியத்தைக் கேலி செய்யாத ஆங்கில ஆசிரியர் எங்கள் மாவட்டத்தில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பயில்பவர்கள் சட்டம் ‘ரீட்’ செய்கிறேன், வரலாறு ‘ரீட்’ செய்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதை அந்த ஆசிரியர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

‘ரீட்’ என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் பிரித்துக்கொள்கிறார்கள். அது கண்ணால் செய்யும் வேலை. ‘ஸ்டடி’ என்பதையும் ‘லேர்ன்’ என்பதையும் பிரிப்பதுதான் கடினம். ‘ஸ்டடி’ என்பது முயற்சியைச் சொல்கிறது. அதன் லத்தீன் மூலமான ‘ஸ்டுடியும்’ என்பதற்கு ஆர்வம், ஈடுபாடு என்பதே பொருள். பத்து வருடம் ஒன்றை ‘ஸ்டடி’ செய்துகொண்டே இருக்கலாம்; அது முடிய வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லில் இல்லை. ‘லேர்ன்’ என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட்டாலோ, அந்த விஷயம் இப்போது என் வசம் இருக்கிறது என்று பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் இந்தி ‘ஸ்டடி’ செய்தேன், ‘லேர்ன்’ செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வகுப்பில் கேட்டேன். “அஞ்சு வருஷம் இந்தி படிச்சேன், கத்துக்கல” என்று ஒருவன் எழுந்து சொன்னான். அது வேண்டுமென்றே கற்காமல் விட்டதுபோல் இருக்கிறதே என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“படிச்சேன், வரல.”

சிரிப்புக்கு நடுவே நான் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவைத்தேன். கணக்கு வரவில்லை, நீச்சல் வந்துவிட்டது, அவளுக்குப் பாட்டு நன்றாக வரும், எனக்குக் கோலம் வராது: நாள் முழுக்க நாம் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த ‘வருதல்’தான் ஆங்கிலத்தின் ‘லேர்ன்’ போய் நிற்கும் இடம். படிப்பது நான் செய்யும் வேலை. வருவது எனக்கு நேர்வது. அதனால்தான் ‘நான்’ அங்கே ‘எனக்கு’ ஆகிவிடுகிறது. நாமும் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம், ஆங்கிலத்தைப்போல இரண்டு எழுவாய் வினைகளாகப் பிரிக்காமல், ஒன்றில் ஆளை முன்னிறுத்தியும் மற்றதில் கலையை முன்னிறுத்தியும் பிரித்திருக்கிறோம். என் பாடப்புத்தகச் சொற்பட்டியலில் ‘லேர்ன்’ என்பதற்கு நேரே ‘கற்றுக்கொள்’ என்று அச்சிட்டிருப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். பாதி வழியில் நின்றுவிட்ட மொழிபெயர்ப்பு என்று சொல்வேன்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள வழக்கமும் அல்ல. கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் நின்றால் பெங்களூரு, குப்பம், சேலம், திருவண்ணாமலை என்று எல்லாப் பக்கத்துப் பயணிகளையும் பார்க்கலாம். அங்கே பழம் விற்பவர் ஒரு ஆளைப் பார்த்ததும் “தமிழ் வருமா?” என்று கேட்பார், பதில் வராவிட்டால் “கன்னடா பருத்தா?” என்பார்; அதற்கும் விழித்தால் “தெலுகு வச்சா?” என்பார். மூன்றும் வருமா என்ற ஒரே கேள்விதான். பழையபேட்டைப் பக்கத்து உருது பேசும் வீடுகளில் கேட்டாலும் ‘ஆதா’ என்று, வருகிறது என்ற பொருளில்தான் சொல்வார்கள். இரண்டு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த நான்கு மொழிகள் மொழியறிவை வந்து சேரும் விருந்தாளியாகவே நடத்துகின்றன. அந்தப் பழக்காரர் எந்த மொழியையும் எந்தப் பள்ளியிலும் ‘ஸ்டடி’ செய்தவர் அல்லர். நான்கும் அவருக்கு வந்துவிட்டன.

பிறகு ‘லேர்ன்’ என்பதன் மற்றப் பொருள்களை எடுத்துப் பார்த்தபோதுதான் இந்தக் குறிப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று கண்டேன். செய்தி அறிவதற்கும் ஆங்கிலத்தில் ‘லேர்ன்’ என்பார்கள். இந்திய ஆங்கில நாளிதழ்களில் ‘இட் இஸ் லேர்ன்ட்’ என்று தொடங்காத பக்கம் குறைவு. நம் நாளிதழ்கள் அதை ‘தெரியவருகிறது’ என்று எழுதுகின்றன. பட்டுத் திருந்துவதையும் ஆங்கிலம் ‘லேர்ன்’ என்கிறது. எத்தனை முறை விழுந்தாலும் திருந்தாதவனைப் பற்றி ‘ஹீ வில் நெவர் லேர்ன்’ என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். நம் வீட்டில் அதே இடத்தில் “இவனுக்கு எப்பத்தான் புத்தி வருமோ” என்பார்கள். தொழிலில் தேர்ச்சி பெற்றவருக்கு அது கைவந்த கலை. நீச்சல், செய்தி, புத்தி, தொழில் என்ற நான்கு இடத்திலும் ஆங்கிலம் ‘லேர்ன்’ என்று போட, நாம் ‘வா’ என்று போடுகிறோம். இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை. எந்த அகராதியிலும் இந்த இரண்டு சொற்களும் எதிரெதிரே அச்சாகி நான் பார்த்ததும் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் இந்தப் பொருத்தம் உடைகிறது. ‘லேர்ன் பை ஹார்ட்’ என்றால் மனப்பாடம் செய்வது. இங்கே ஆங்கிலமே ‘லேர்ன்’ என்பதன் தரத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டது என்பது என் எண்ணம். நம் பிள்ளைகள் அதை இன்னும் சுருக்கி ‘பைஹார்ட்’ என்பதையே வினையாக்கி, “பைஹார்ட் பண்ணிட்டேன் டீச்சர்” என்கிறார்கள். அதில் ‘லேர்ன்’ காணாமல் போயிருப்பது தற்செயல்தான் என்றாலும் நேர்மையாக இருக்கிறது. நானும் அந்த வழியில் வந்தவளே. மேல்நிலைக் கல்வியை விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் முடித்தேன். அதிகாலை 4.30 மணிக்கு எழுப்பி, வரிசையாக உட்காரவைத்து, ஆங்கிலக் கட்டுரைகளை நிறுத்தற்குறிகளோடு உருப்போட வைப்பார்கள். எங்கே கமா வரும் என்பதற்கும் தொடையில் தட்டி ஒரு கணக்கு வைத்திருந்தோம். ஆங்கிலத்தில் 200க்கு 181 வாங்கினேன். அடுத்த மாதம் பெங்களூருவில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, கடைக்காரர் ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல், கையால் சோப்பைக் காட்டினேன். சித்தப்பா மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. படித்தேன், வரவில்லை.

வந்ததும் இருக்கிறது, ஆனால் அது தாமதமாக, 38 வயதில், ஸ்கூட்டர் உருவத்தில் வந்தது. ‘லேர்னர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பரப்பவில்லை, எல்.எல்.ஆர். பரப்பியது. எழுத்தே தெரியாதவருக்கும் வெள்ளை அட்டையில் சிவப்பாக ஒட்டிய அந்த ‘எல்’ எழுத்தின் பொருள் தெரியும்: இந்த வண்டிக்காரருக்கு இன்னும் ஓட்ட வரவில்லை, விலகிப் போ. அந்த உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால்தான் நிரந்தர உரிமத்துக்கான சோதனைக்குப் போகலாம். சட்டம் அந்த முப்பது நாளையும் கட்டாயமாக்கியிருப்பது, வருவதற்கு நாள் பிடிக்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதியதுபோல் இருக்கிறது. நான் சாலை விதிகள் புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்துவிட்டுப் போனேன். எட்டுப் போடும் சோதனையில் இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டேன். பயிற்சி கொடுத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“மேடம், நீங்க எட்டை மனசுல எழுதிக்கிட்டே ஓட்டறீங்க. அடுத்த வளைவைப் பாருங்க, வண்டி தானா வரும்.”

அப்பா சொன்னதுதான். சாலைப் பார், மாட்டைப் பார்க்காதே. அடுத்த மாதம் வந்துவிட்டது.

‘லேர்ன்’ என்பதன் குடும்பத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு பிள்ளை உண்டு. ‘லேர்ன்ட்’ என்று ஓரசையாகச் சொன்னால் வெறும் இறந்தகாலம். அதையே ‘லேர்னெட்’ என்று இரண்டு அசையாகப் பிரித்து உச்சரித்தால் கற்றறிந்த சான்றோர் என்று பொருள். பிரிட்டனில் இறந்தகாலத்தை ‘t’ எழுத்துப் போட்டு முடிக்கும் எழுத்துமுறையும் வழங்குவதால் குழப்பம் கொஞ்சம் குறையும். அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், உச்சரிப்பை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரை ‘லேர்னெட் ஃபிரெண்ட்’ என்பது மரபு. தமிழில் வாதிடும்போது ‘கற்றறிந்த வழக்கறிஞர்’ என்கிறார்கள். எனக்குப் பிடிக்காதது உச்சரிப்பு அல்ல, அந்த இரண்டாவது அசைக்கு உரியவர்கள் யார் என்பதில் எல்லா மொழிகளும் ஒத்துப்போவது. நூலைக் கற்றவர் மட்டும் கற்றவர் ஆகிறார். கையால் கற்றவருக்கு எந்த மொழியிலும் அந்த அசை கிடைப்பதில்லை.

எங்கள் பகுதிக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு, கிருஷ்ணகிரியில் 71 விழுக்காடு, தருமபுரியில் 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே குறைவு. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்களையே அந்தக் கணக்கு எழுத்தறிவு பெற்றவர் என்கிறது. எழுத்தறிவுக்கு அது சரியான வரையறைதான். கணக்கெடுக்க வருபவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் வராதவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக் கற்றுக்கொண்ட வார்த்தை, “நான் ஒண்ணும் படிக்கல” என்பது. அந்த ‘ஒன்றும்’தான் எனக்கு உறுத்துகிறது. கல்வித்துறையின் பதிவேடுகளில் கற்றல் விளைவுகள், கற்றல் அடைவு என்று நாங்கள் நிரப்பிக்கொண்டிருக்கும் கட்டங்களும் அந்த ‘ஒன்றும்’ என்பதைத் தொடுவதில்லை. 1959இல் ஆர்தர் சாமுவேல் என்பவர், செக்கர்ஸ் ஆட்டத்தை ஆட ஆடத் தேறும் கணினி நிரலைப் பற்றி எழுதி, ‘மெஷின் லேர்னிங்’ என்ற தொடரைப் புழக்கத்தில் விட்டார். நாம் அதை எந்திரக் கற்றல் என்கிறோம். எந்திரப் படிப்பு என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. ஆடி ஆடித் தேறும் கருவிக்குக் கற்றல் என்ற சொல்லைத் தாராளமாகக் கொடுத்துவிட்டோம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். சந்தூர்ப் பக்கம் இருக்கும் மாங்கன்றுப் பண்ணை ஒன்றில் அவள் அம்மாவுக்கு வேலை. சந்தூர்க் கன்று என்றால் வெளி மாநிலங்களிலிருந்தும் லாரி வரும். பந்தலின் நிழலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க டீச்சர், இவ ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா?” என்றார்.

“தப்புப் பண்ணினது நான்தாம்மா. நீங்க வேலையைப் பாருங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்கிறேன்.”

கொட்டை போட்டு முளைத்த கன்றின் தலையை ஒரே வீச்சில் சீவினார். வெட்டுவாயின் நடுவில் கத்தியை வைத்து இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பிளந்தார். பெங்களூரா ரக மாமரத்திலிருந்து எடுத்து, முன்கூட்டியே இலையை உதிர்த்து வைத்திருந்த குச்சியின் அடியை இருபுறமும் சீவி ஆப்புப்போல் ஆக்கினார். ஒவ்வொரு பக்கமும் ஒரே சீவல்; இரண்டாவது முறை கத்தி பட்டால் முகம் சமமாக இருக்காதாம். ஆப்பைப் பிளவில் இறக்கி, ஒரு பக்கமாவது பட்டையும் பட்டையும் நேராகச் சேரும்படி கட்டைவிரலால் தள்ளி, பிளாஸ்டிக் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றினார். மேலிருந்து சுற்றினால் மழைத்தண்ணீர் மடிப்புக்குள் இறங்கிவிடும். மேலே குச்சி ஐஸ் விற்கும் நீளமான உறை ஒன்றைக் குல்லாபோல் மாட்டினார். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, “யார்கிட்டயும் படிக்கல டீச்சர். மாமியார் கட்டுவாங்க, பக்கத்துல உக்காந்திருப்பேன். கை வந்துருச்சு” என்றார்.

பிறகு என் கையில் கத்தியைக் கொடுத்தார். நான் சீவிய ஆப்பு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து இருந்தது. என் மாணவி பக்கத்தில் உட்கார்ந்து, நான் சீவும்போதெல்லாம் முகத்தைச் சுளித்து, பிறகு பணிவு நினைவுக்கு வந்து முகத்தைச் சரிசெய்துகொண்டாள். பத்துக் கன்று கட்டினேன். அவர்கள் அந்த நேரத்தில் எத்தனை கட்டினார்கள் என்று நான் எண்ணவில்லை. என் கன்றுகளைத் தனியாக ஒரு ஓரத்தில் வைத்து, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கிழித்துக் கட்டிவைத்தார் அந்த அம்மா.

மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் மாணவி என்னிடம் ஓடிவந்தாள்.

“டீச்சர், உங்க கன்னுல மூணு துளிர் விட்டிருக்கு. மத்த ஏழும் காஞ்சிருச்சு. அம்மா கேக்கச் சொன்னாங்க, அந்த மூணை எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல லாரி வந்தா சேர்த்து ஏத்தி அனுப்பிடட்டுமான்னு.”